கமலா ஆரஞ்சு யார் வாங்குவது?

செப்டம்பர் 24, 2024, செவ்வாய்

மூணு வயசுப் பிள்ளைகள் உட்காரும் நாற்காலியில் ரெண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்துவிட்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன், முதுகு போயிற்று. கீட்டாவில் பெற்றோர் கூட்டம். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே ஜெர்மனியில், கொலோனில், பாலர் பள்ளியைக் கீட்டா என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், என் மகள் போவது பெற்றோரே சங்கம் பதிவு செய்து நடத்துகிற கீட்டா. டீச்சர்களுக்கும் சமையல்காரருக்கும் சம்பளம் உண்டு. மற்றபடி துண்டு துவைப்பது, தோட்டத்தில் இலை வாருவது, கணக்கு எழுதுவது எல்லாம் நம் தலையில்தான். வாசல் கதவின் உள்பக்கம் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கும், அதில் பெயர் எழுதாமல் யாரும் தப்ப முடியாது.

இலையுதிர்காலம் வந்துவிட்டால் அந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போகும். அறுவடைப் பண்டிகை, பிள்ளைகள் லாந்தர் பிடித்து ஊர்வலம் போகும் புனித மார்ட்டின் நாள், பூட்ஸில் பரிசு வைக்கும் புனித நிக்கோலஸ் நாள், கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களான அட்வெண்ட் என்று வரிசையாக. இந்தத் தடவை ஒரு அப்பா, எல்லா மதத்துப் பிள்ளைகளும் இருக்கும்போது மார்ட்டின் நாளை வெறும் விளக்குத் திருவிழா என்று சொல்லிவிடலாமே என்றார். புதுப் பேச்சில்லை, 2013இல் இந்த மாநிலத்தில் ஒரு அரசியல்வாதியே இதைச் சொல்லி நாடு முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டார். பதில் சொன்னது துருக்கிக் குடும்பத்து அம்மா. "நான் பிறந்து வளர்ந்தது இந்த ஊர்ல. இதே தெருவுல லாந்தர் பிடிச்சுக்கிட்டு நடந்தேன். குளிர்ல நடுங்கினவனுக்குப் பாதிப் போர்வையைக் கிழிச்சுக் கொடுத்தவர் பேரை எதுக்கு எடுக்கணும்? பேரை விடுங்க, கொடுக்கிற ஜெல்லி மிட்டாயில பன்றி ஜெலட்டின் இல்லாமப் பாத்துக்குங்க, போதும்." அதோடு அந்த விவாதம் முடிந்தது. ஜெலட்டின் இல்லாத மிட்டாய் வாங்கும் வேலை, கேள்வி கேட்ட அப்பாவுக்கே போனது.

அக்டோபர் 31க்கு நேராகக் கட்டம் காலியாக இருந்தது. தீபாவளி என்று எழுதிவிட்டு வந்தேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போய் இந்தியாவைப் பற்றிப் படம் போட்டுக் காட்டுவதெல்லாம் எனக்கு ஒத்து வராது. பலகாரம், விளக்கு, அப்புறம் பாத்திரம் கழுவ ரெண்டு பேர் என்று மற்ற பண்டிகைகளுக்கு எழுதுகிற மாதிரியே எழுதினேன்.

அக்டோபர் 7, திங்கள்

அறுவடைப் பண்டிகை நேற்று, ஞாயிறு. தேவாலயங்களில் பீடத்துக்கு முன்னால் பூசணி, ஆப்பிள், ரொட்டி எல்லாம் அடுக்கி வைப்பார்கள். கீட்டாவில் அதற்குப் பதில் இன்று பொதுச் சூப்பு. ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு காய் கொண்டு போக வேண்டும். தோல் சீவ வேண்டாத ஆரஞ்சு நிற ஹொக்கைடோ பூசணிதான் பாதிக் கூடை, கூடவே கேரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு. என் மகளுக்கு முருங்கைக்காய்தான் வேண்டுமாம். சனிக்கிழமை இலங்கைத் தமிழர் கடை வரைக்கும் போய் வாங்கி வந்தோம், நாலு காய்க்குக் கொடுத்த விலையைச் சொன்னால் ஊரில் அடிக்க வருவார்கள்.

சமையல்காரர் மறு பேச்சுப் பேசாமல் விரல் நீளத்துக்கு நறுக்கிப் போட்டுவிட்டார். சாப்பிடும் நேரத்தில்தான் வேடிக்கை. சதையை மட்டும் உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்ப வேண்டும் என்று இவள் மேசையில் ஏறாத குறையாக நின்று பாடம் நடத்தியிருக்கிறாள். வாயில் போட்டதைத் துப்பக் கூடாது என்று மாதக்கணக்கில் சொல்லிக் கொடுத்த டீச்சர் என்ன செய்வார் பாவம், ஒவ்வொரு தட்டுக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணம் வைத்துவிட்டாராம். சாயங்காலம் என்னிடம் சொல்லிச் சிரித்தார். அடுத்த வருஷமும் கொண்டு வரலாமா என்று கேட்டேன், கிண்ணத்தையும் சேர்த்துக் கொண்டு வா என்றார்.

அக்டோபர் 26, சனி

லாந்தர் செய்யும் நாள். காலை பத்து மணிக்கு ஆரம்பித்து மத்தியானம் வரை. பலூனை ஊதி, அதன் மேல் கிழித்த வண்ண டிஷ்யூ காகிதத்தைப் பசை தடவி அடுக்கடுக்காக ஒட்டி, காய வைத்து, பலூனை உடைத்து, வாய்ப்பக்கம் கம்பி மாட்டினால் லாந்தர். சொல்வதற்கு எளிது. பசையில் முழங்கை வரை நனைந்த பிள்ளைகளையும், பிள்ளைகளை நகர்த்திவிட்டுத் தாங்களே செய்ய ஆரம்பித்துவிட்ட அப்பாக்களையும் சமாளிப்பது தனி வேலை. என் மகள் மயில் செய்கிறேன் என்று நீலம் பச்சையாக ஒட்டினாள், பார்ப்பதற்குக் கத்தரிக்காய்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

நாளை அதிகாலை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுகிறார்கள். அப்புறம் சாயங்காலம் அஞ்சரைக்கெல்லாம் இருட்டு. இந்த நாட்டுக் குளிர்காலப் பண்டிகை ஒவ்வொன்றிலும் ஏன் விளக்கு இருக்கிறது என்பதை ஒரே ஒரு நவம்பர் இங்கே இருந்து பார்த்தால் யாரும் சொல்லித் தர வேண்டாம்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. ஹாலோவீனும் இன்றே. பேய், சூனியக்காரி, எலும்புக்கூடு எல்லாம் வரிசையில் நின்று முறுக்கு வாங்கிச் சாப்பிட்ட தீபாவளி வேறு எங்கும் நடந்திருக்காது.

முறுக்கில் எள் போடவில்லை. ஐரோப்பாவில் உணவில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருள்களில் எள்ளும் ஒன்று, எங்கள் கீட்டாவில் எள் ஆகாத பையன் ஒருவன் இருக்கிறான். ஓமம் போட்டேன். அம்மாவிடம் போனில் சொன்னதும், "எள்ளு இல்லாம என்னடி முறுக்கு, பச்சப்புள்ளைங்களுக்கு ஓமமா, காரம்னு அழப் போவுதுங்க" என்றாள். ஒன்றும் அழவில்லை, டப்பா காலி. அந்தப் பையனின் அம்மா, அவன் பண்டிகைப் பலகாரத்தைக் கேள்வி கேட்காமல் எடுத்துத் தின்றது இதுதான் முதல் தடவை என்று சொல்லிவிட்டு அவசரமாக வேறு பக்கம் போய்விட்டாள்.

போன வாரமே களிமண்ணில் பிள்ளைகள் அகல் பிடித்து வைத்திருந்தார்கள், ஒன்று கூட நேராக நிற்காது. உள்ளே மெழுகு வைத்து முற்றத்துப் படிகளில் ஏற்றினோம். பட்டாசு கிடையாது. பொதுமக்களுக்கு டிசம்பர் கடைசி நாள்களில் மட்டும்தான் விற்பார்கள், புத்தாண்டுக்கு மட்டும்தான் வெடிக்கலாம். கம்பி மத்தாப்பு வருஷம் முழுக்கக் கிடைக்கும், அதையும் 12 வயசுக்குக் கீழ் இருந்தால் தர மாட்டார்கள், அதனால் பெரியவர்கள் பிடிக்க, பிள்ளைகள் சுற்றி நின்று கத்தினார்கள். விடியற்காலை எண்ணெய் தேய்த்துக் குளிப்போம் என்று மகள் சொன்னதைத்தான் யாராலும் நம்ப முடியவில்லை. பள்ளிக்கூடம் இருக்கும் நாளிலா, இருட்டிலா, எண்ணெயா?

நாளைக்குப் புனிதர்கள் நாள், விடுமுறை. தூங்கலாம்.

நவம்பர் 8, வெள்ளி

மார்ட்டின் நாள் 11ஆம் தேதிதான், ஆனால் கொலோனில் 11.11 அன்று காலை 11 மணி 11 நிமிஷத்துக்குக் கார்னிவல் பருவம் தொடங்கிவிடும், ஊரே குடித்துவிட்டுத் தெருவில் நிற்கும். அதில் குழந்தைகளையும் லாந்தரையும் கூட்டிக்கொண்டு யார் போவது? அதனால் இன்றே வைத்துக்கொண்டோம்.

முதலில் முற்றத்தில் நாடகம். அடுத்த வருஷம் பெரிய பள்ளிக்குப் போகிற பிள்ளைகள்தான் நடிப்பார்கள். கதை எல்லோருக்கும் தெரிந்தது: நாலாம் நூற்றாண்டு, இன்றைய ஹங்கேரியில் பிறந்த ரோமானியப் படைவீரன் மார்ட்டின், பிரான்சில் அமியான் நகர வாசலில் நடுங்கிக் கிடந்த பிச்சைக்காரனுக்குத் தன் மேலங்கியை வாளால் வெட்டிப் பாதியைக் கொடுக்கிறான். பிற்பாடு தூர் நகரத்துப் பிஷப். பதவி வேண்டாம் என்று வாத்துக் கொட்டகையில் ஒளிந்தாராம், வாத்துகள் கத்திக் காட்டிக் கொடுத்துவிட்டனவாம், அதனால்தான் இந்த நாளில் வாத்துக் கறி என்று ஒரு கதை. அவரை அடக்கம் செய்த நாள் 397 நவம்பர் 11.

எங்கள் மேலங்கி சிவப்புத் துணி, நடுவில் மேலிருந்து கீழ்வரை வெல்க்ரோ. மர வாளால் மார்ட்டின் ஒரு போடு போட, பக்கத்தில் நிற்கும் டீச்சர் சத்தமில்லாமல் ஒரு இழுப்பு இழுக்க, சர்ர்ர் என்று அது பிரியும். அந்தச் சத்தத்துக்காகவே மறுபடி மறுபடி என்று கத்தி, மார்ட்டின் அந்தப் பாதியைத் திரும்ப வாங்கி ஒட்டித் திரும்பக் கிழிக்க வேண்டியதாயிற்று. பிச்சைக்காரன் வேஷத்துக்குத்தான் அடிதடி. காரணம் எளிது, அவனுக்குத்தான் நெருப்புக்குப் பக்கத்தில் இடம். மார்ட்டினாக நடித்தது ஒரு சிறுமி, குதிரைக்குத் தும்பிக்கை மாதிரி எதையோ தைத்துக் கொடுத்திருந்தார்கள், கேட்டால் மூக்காம்.

அப்புறம் ஊர்வலம். வண்டிப் பாதையில் போனால் முன்கூட்டியே சொல்லி ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதால் பூங்கா வழியாகவே போவோம். நகரைச் சுற்றிப் பச்சை வளையம் மாதிரி ஓடும் பூங்கா இது. 1920களில், பிற்பாடு மேற்கு ஜெர்மனியின் முதல் சான்சலரான அடெனாவர் இந்த ஊர் மேயராக இருந்தபோது, பழைய கோட்டை நிலத்தில் போட்டது. நடுவே ஒரு குன்று, ஹெர்க்குலஸ் குன்று என்பார்கள். இயற்கைக் குன்று இல்லை, போரில் இடிந்த கட்டடங்களின் குப்பையைக் குவித்தது. அதன் அடிவாரம் வரை போய்த் திரும்பினோம். ஒரு அப்பா டிரம்பெட், மற்றவர்கள் பாட்டு. பாதி வழியில் தூறல். கத்தரிக்காய் மயிலின் அடிப்பாகம் ஊறிப் பிய்ந்து, உள்ளே இருந்த பேட்டரி விளக்கு தனியாகத் தொங்கியது. அவள் அசரவில்லை, அதுதான் வாலாம்.

திரும்பி வந்ததும் வெக்மன். மனுஷ வடிவத்தில் சுட்ட இனிப்பு ரொட்டி, கண்ணுக்கு உலர்திராட்சை, கையில் வெள்ளைக் களிமண் புகைக்குழாய். இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு ரொட்டி, வேண்டுமென்றேதான். பகிர வேண்டும் என்பது கதையின் சாரம், ஆனால் குழாயைப் பாதியாகக் கிழிக்க முடியாதே, அங்கேதான் தர்மம் எல்லாம் உடைகிறது. இந்த வாரம் முழுக்க நடைபாதையில் ஒரு கூடை, பருப்பு, நூடுல்ஸ், காபி, டின் தக்காளி போட. டாஃபெலுக்குப் போகும். ஏழைகளுக்கு உணவு சேர்த்துக் கொடுக்கும் அமைப்பு, 1993இல் பெர்லினில் தொடங்கியது, இன்று நாடு முழுக்க. பிள்ளைகள் நாடகத்தை விட அந்தக் கூடையைத் தூக்கி வண்டியில் ஏற்றுவதில்தான் குறியாக இருந்தார்கள்.

நவம்பர் 11, திங்கள்

டிராமில் எனக்கு ஒரு பக்கம் வாழைப்பழ வேஷம், இன்னொரு பக்கம் தேனீ வேஷங்கள், கார்னிவல். காலை மணி எட்டு. அவ்வளவுதான் இன்றைக்கு.

நவம்பர் 28, வியாழன்

பிஸ்கட் சுடும் நாள். ஸ்பிரிட்ஸ்கெபெக் என்று ஒரு வெண்ணெய் பிஸ்கட், மாவைக் கறி அரைக்கும் எந்திரத்தில் போட்டுப் பட்டையாகப் பிழிவார்கள். கீட்டா எந்திரத்தின் கைப்பிடி உடைந்துவிட்டது. வீட்டுக்கு ஓடிப் போய்ப் பாட்டி கொடுத்த பித்தளை முறுக்கு அச்சை எடுத்து வந்து நட்சத்திர வில்லையைப் போட்டுப் பிழிந்தேன். குளிர்ந்த மாவு அசையவே இல்லை, கொஞ்ச நேரம் வெளியே வைத்த பிறகு அழகாக இறங்கியது. அச்சை விலைக்குக் கேட்டார் சமையல்காரர். கிடையாது.

டிசம்பர் 2, திங்கள்

நேற்று முதல் அட்வெண்ட், வளையத்தில் முதல் மெழுகுவர்த்தி. 1839இல் ஹாம்பர்க்கில் ஆதரவற்ற பிள்ளைகளின் இல்லத்தை நடத்திய விஹர்ன் என்பவர் ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகள் வைத்தாராம், பண்டிகைக்கு இன்னும் எத்தனை நாள் என்று நச்சரித்த பிள்ளைகளுக்காக. நச்சரிப்பு இன்னும் அப்படியே இருக்கிறது.

எனக்கு மனசு இதில் இல்லை. ஃபெஞ்சல் புயல் விழுப்புரம் பக்கம் கொட்டித் தீர்த்திருக்கிறது, மயிலத்தில் 51 சென்டிமீட்டர். நேற்று முழுக்க அம்மா போன் எடுக்கவில்லை. இன்று மத்தியானம்தான் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து பேசினாள், கரண்ட் இல்லை, வாசல்படி வரை தண்ணீர், மற்றபடி சௌக்கியம். திருவண்ணாமலையில் மண் சரிந்து வீடு புதைந்தது, குழந்தைகளும் உள்ளே. டீச்சரிடம் விஷயத்தைச் சொன்னேன். துண்டு துவைக்கும் வாரம் எங்களுடையது, சாயங்காலம் போய்ப் பார்த்தால் பட்டியலில் எங்கள் பெயரை அடித்து வேறு யாரோ தங்கள் பெயரை எழுதியிருந்தார்கள்.

டிசம்பர் 6, வெள்ளி

நிக்கோலஸ். நேற்று ராத்திரி பிள்ளைகளின் பூட்ஸை வரிசையாக வைத்து நிரப்பினது நாங்கள் ரெண்டு பேரும் துருக்கி அம்மாவும். ஆளுக்கு ஒரு கமலா ஆரஞ்சு, ஓட்டோடு வால்நட், ஒரு சாக்லேட். "உங்களுக்கெல்லாம் இவர் வெளியூர்க்காரர், எனக்கு ஊர்க்காரர்" என்றாள். சரிதான். நிக்கோலஸ் பிஷப்பாக இருந்த மைரா இன்றைய துருக்கியின் தெம்ரே, அவளுடைய அப்பா அம்மா அந்தப் பக்கத்து அந்தாலியா.

தாடி வைத்த ஆள் பெரிய புத்தகத்தோடு வந்து, நீ தம்பியை அடித்தாயாமே என்று விசாரிக்கிற பழக்கம் இங்கே உண்டு, கூடவே கறுப்பு உடையில் மிரட்ட ஒருவன். எங்கள் கீட்டாவில் அதை வைப்பதில்லை. நல்லது. பூச்சாண்டி காட்டிச் சோறு ஊட்டப்பட்டு வளர்ந்தவள் நான், அதில் ஒரு லாபமும் இல்லை.

டிசம்பர் 13, வெள்ளி

காலையில் ஸ்வீடன்காரர்களின் விளக்குப் பண்டிகையான லூசியா, ராத்திரி கார்த்திகை தீபம், ரெண்டும் ஒரே நாளில் விழுந்திருக்கிறது. ஸ்வீடன்காரர் ஒருவர் குங்குமப்பூ போட்ட பன் சுட்டு வந்தார், அவருடைய மகள் வெள்ளை அங்கியும் தலையில் பேட்டரி விளக்குக் கிரீடமுமாக முன்னால் நடந்தாள், கிரீடம் மூக்கு வரை இறங்கிவிட்டதால் வழி தெரியவில்லை. அக்டோபரில் செய்த கோணல் அகல்கள் அலமாரியில் இருந்தன, அவற்றையும் ஜன்னலில் ஏற்றினோம். நான் கொண்டு போன பொரி உருண்டை பல்லில் ஒட்டிக்கொண்டு ஒருவரும் அஞ்சு நிமிஷம் பேசவில்லை. டீச்சர் இதை வாரா வாரம் கொண்டு வரச் சொன்னார்.

டிசம்பர் 20, வெள்ளி

இன்றோடு கீட்டா மூடல், புத்தாண்டு கழிந்துதான் திறப்பு. அலமாரி துடைத்து, உடைந்த லாந்தர்களைத் தூக்கிப் போட்டு (மயிலைத் தர மறுத்துவிட்டாள்), மிச்ச ஆரஞ்சைப் பங்கு போட்டுக் கொண்டோம்.

ஜனவரிப் பட்டியல் ஒட்டியாயிற்று. 14ஆம் தேதி, செவ்வாய், பொங்கல், என் பெயர். கீட்டா அடுப்பு இண்டக்‌ஷன், வெண்கலப் பானை அதில் சூடேறாது, பால் பொங்கி வழியாமல் என்ன பொங்கல்? முற்றத்தில் வைக்க யாரிடமாவது முகாம் காஸ் அடுப்பு இருந்தால் பத்தாம் தேதிக்குள் சொல்லுங்கள் என்று கீழே எழுதியிருக்கிறேன். கரும்புக்கு இலங்கைக் கடைக்காரரிடம் சொல்லி வைத்தாயிற்று. வெட்டுவதற்கு அரிவாள் கேட்டால் இங்கே என்ன நினைப்பார்களோ தெரியவில்லை, அதைப் பட்டியலில் எழுதவில்லை.