பாட்டில் இருக்கும் உத்தரவு

31 வருடம் ரயில் ஓட்டினேன். கடைசிச் சில வருடங்கள், புதிதாகச் சேரும் அசிஸ்டென்ட் லோகோ பைலட்களுக்கு வகுப்பும் எடுத்தேன். பிரேக் பாடம் தொடங்கும் முன் அவர்களுக்கு ஒரு பழைய அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டைப் போட்டு, வரி வரியாக அர்த்தம் சொல்வேன். ‘ஓல்ட் 97’ என்ற வண்டி கவிழ்ந்த கதை அது.

1903 செப்டம்பர் 27. அமெரிக்காவின் சதர்ன் ரயில்வேயில் 97ஆம் எண் தபால் வண்டி, வர்ஜீனியாவின் மன்ரோவிலிருந்து ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. அங்கே வண்டியை எடுத்தவர் ஜோசப் பிராடி, வயது 33. கூட வேலை செய்தவர்களுக்கு அவர் ‘ஸ்டீவ்’. வட கரோலினாவின் ஸ்பென்சர் வரை 166 மைல், அதாவது 267 கிலோமீட்டர். கால அட்டவணைப்படி நாலே கால் மணி நேரம். தாமதத்தை முழுக்க ஈடுகட்ட வேண்டுமென்றால் மூன்றே கால் மணி நேரத்தில் போய்ச் சேர வேண்டும். சராசரி 63 கிலோமீட்டர் வேகம் 82 ஆக வேண்டும். பாதையோ மேடும் பள்ளமும், இறுக்கமான வளைவுகளும். டான்வில் ஊருக்கு அருகே சரிவில் இறங்கி, ஸ்டில்ஹவுஸ் மரப்பாலத்து வளைவில் வண்டி தடம் விட்டு ஓடைப் பள்ளத்தில் விழுந்தது. 11 பேர் இறந்தார்கள், பிராடியும் அதில் ஒருவர்.

பழி அவர் மேல்தான் விழுந்தது. மணிக்கு 70 மைலுக்கு மேல் வந்தார் என்றது கம்பெனி. பார்த்தவர்கள் சிலர் 50 இருக்கும் என்றார்கள். எப்படியாவது நேரத்துக்குப் போய்ச் சேர் என்று நாங்கள் சொல்லவேயில்லை என்றும் கம்பெனி சாதித்தது. ஆனால் தபால் ஒப்பந்தத்தில், தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் அபராதம் உண்டு.

பாட்டு எங்கிருந்து ஆரம்பிக்கிறது தெரியுமா? மன்ரோவில் அவர் கையில் உத்தரவு கொடுக்கும் இடத்திலிருந்து. ரொம்பத் தாமதம், ஸ்பென்சருக்கு நேரத்தில் கொண்டு சேர்க்க வேண்டும் என்று. கம்பெனி இல்லையென்ற ஒன்றை ஊர் ஜனம் முதல் அடியிலேயே வைத்துவிட்டது. 1924இல் வெர்னன் டால்ஹார்ட் பாடிய இசைத்தட்டு லட்சக்கணக்கில் விற்றது. யார் எழுதியது என்று பல வருடம் வழக்கும் நடந்தது. எனக்கு அதெல்லாம் இரண்டாம்பட்சம். அந்த முதல் அடிதான் முக்கியம்.

அப்படியோர் உத்தரவை எழுத்தில் நான் ஒருநாளும் பார்த்ததில்லை. வண்டி 40 நிமிடம் லேட் என்றால், வண்டிகளின் ஓட்டத்தைக் கவனிக்கும் கன்ட்ரோலிலிருந்து குரல் வரும்: “கொஞ்சம் பாத்து இழுங்க சார்.” அவ்வளவுதான். வேகத்தை மீறு என்று யாரும் சொல்வதில்லை. லேட்டாகப் போனால் ஏன் என்று கேட்பார்கள். வேகம் மீறினால் சார்ஜ் ஷீட். ஒருமுறை பாலத்துக்கு முந்தின வளைவில், 60 போட்டிருந்த இடத்துக்கு 68இல் வந்துவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் டிரைவர்கள் தங்கும் ரன்னிங் ரூமில் அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. அந்த எட்டு கிலோமீட்டரை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானாகத்தான் கொடுத்தேன் என்பது நெஞ்சைக் குடைந்தது.

பாட்டில் இன்னொரு இடம் உண்டு. சரிவில் அவர் ஏர் பிரேக்கை இழந்தார் என்று சிலர் பாடுகிறார்கள். சராசரி வேகத்தை இழந்தார் என்று சிலர். ஓட்டுகிறவன் காதுக்கு முதலாவதுதான் உறைக்கும். ஒற்றைக் குழாய் ஏர் பிரேக்கில், ஒவ்வொரு தடவை பிரேக் போடும்போதும் பெட்டிகளுக்கு அடியில் இருக்கும் தொட்டியின் காற்று குறையும். விட்டபின் மறுபடி நிரம்ப நேரம் வேண்டும். இறக்கத்தில் போடு, விடு, போடு, விடு என்று செய்தால் வேண்டிய நேரத்தில் கைப்பிடி அசையும், சக்கரம் பிடிக்காது. என்னைப் பழக்கிய டிரைவர் சரக்கு வண்டியில் என் கையைத் தட்டிச் சொன்னார்: “கிள்ளிக் கிள்ளிப் போடாதடா தம்பி, காத்து தீந்துரும்.” பிராடிக்கு நடந்தது அதுதானா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. பாடியவர்களுக்கு அந்தப் பயம் தெரிந்திருந்தது, அது மட்டும் நிச்சயம்.

ஒரு வகுப்பில் பாட்டு முடிந்ததும் மதுரைப் பக்கத்துப் பையன் ஒருவன் கேட்டான்: “சார், உத்தரவு குடுத்தாங்கன்னு வருதே, குடுத்தது யாரு?”

மறுபடி ஆரம்பத்திலிருந்து போட்டேன். பாட்டில் அந்த ஆளுக்குப் பெயர் கிடையாது, “கொடுத்தார்கள்” என்பதோடு சரி. பையன் தலையை ஆட்டிக்கொண்டான். அப்புறம் கரும்பலகையில் பிரேக் குழாயை வரைய ஆரம்பித்தேன்.