அகராதியை எப்போது திறக்கலாம்?

ஆய்வு மாணவர்களுக்கு ஜெர்மன் கட்டுரை வாசிக்கக் கற்றுக்கொடுக்க, பேச்சுப் பயிற்சியிலிருந்து தொடங்கத் தேவையில்லை. கட்டுரையாளர் எதை வாதிடுகிறார் என்று பிசகாமல் எடுக்கத் தெரிந்தால் போதும்.

முதல் பாடத்துக்கு 150 முதல் 200 சொற்கள் கொண்ட ஒரு பகுதி போதுமானது. அது மாணவருக்கு நன்கு தெரிந்த விஷயமாக இருக்கட்டும். பொருளும் புதிது, மொழியும் புதிது என்றால் அவர் எதில் தடுக்கினார் என்றே தெரியாது. துணையில்லாமல் வாசிக்க, தெரியாத சொல் 50க்கு 1 என்ற அளவில் இருக்க வேண்டும். தொடக்க மாணவருக்கு அது நடக்காது. ஆகவே துறைச் சொற்களுக்குப் பொருள் எழுதி நீங்களே கொடுத்துவிடுங்கள். மீதியில் பத்துச் சொல்லுக்கு மட்டும் அகராதி பார்க்கலாம். அதுவும் உடனே கூடாது. முதல் ஐந்து நிமிடம் தலைப்பு, ஆண்டுகள், ஆட்பெயர்கள், அட்டவணை இவற்றை வைத்தே ஊகிக்கட்டும்.

அடுத்து, ஒவ்வொரு வாக்கியத்திலும் வினையை அடிக்கோடிடச் சொல்லுங்கள். துணை வாக்கியத்தில் வினை கடைசியில் வருவது தமிழருக்குப் பழகியதே. இடறுவது பிரியும் வினைகளில்தான். 'டார்ஷ்டெலன்' என்றால் விவரித்தல். வாக்கியத்தில் 'ஷ்டெல்ட்' இரண்டாம் இடத்தில் நிற்கும். 'டார்' பத்துச் சொல் தள்ளி, முற்றுப்புள்ளியை ஒட்டி நிற்கும். முன்பாதியை மட்டும் அகராதியில் பார்த்தவர் 'வைக்கிறார்' என்று எழுதிவிடுவார்.

பெயருக்கு முன் அடுக்கி வரும் நீண்ட அடைகளுக்குப் பயப்பட வேண்டாம். '19ஆம் நூற்றாண்டில் உருவான கோட்பாடு' என்று நாம் பெயரெச்சம் போடும் அதே வரிசைதான் ஜெர்மனிலும். ஆங்கிலம் வழியாகக் கற்பித்து இந்த ஆதாயத்தை வீணாக்குவது வருத்தமான விஷயம்.

பொருளையே தலைகீழாக்கும் பிழைகள் சின்னச் சொற்களில் நடக்கின்றன. 'ட்ஸ்வார்' என்று தொடங்கினால் கட்டுரையாளர் எதிர்த்தரப்புக்கு இடம் கொடுக்கிறார்: 'உண்மைதான்'. பின்னால் 'ஆபர்' வரும்: 'ஆனால்'. அவருடைய வாதம் அங்கேதான் இருக்கிறது. மாணவரோ முன்பாதியை மேற்கோளாக எடுத்துவிடுவார். 'இஸ்ட்' ('ஆகும்', 'இருக்கிறது') இருக்க வேண்டிய இடத்தில் அதன் இன்னொரு வடிவமான 'ஸாய்' இருந்தால், பெரும்பாலும் அது பிறர் சொன்ன கருத்து. கணிதத்தில் மட்டும் அது நம் 'என்க'. இப்படி நாற்பது சொற்களை முதல் மாதத்திலேயே மனப்பாடமாக்குங்கள். பெரிய பெயர்ச்சொற்களை அகராதி பார்த்துக்கொள்ளும்.

இயந்திர மொழிபெயர்ப்பைத் தடுக்க வேண்டியதில்லை, கடைசியில் திறக்கட்டும். அதற்கு முன் மாணவர் தமிழில் மூன்று வரி எழுதியிருக்க வேண்டும்: என்ன கருத்து, யாருடைய கருத்து, எதை மறுக்கிறது. பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். இரண்டாவது வரியை எழுத முடியாத மாணவரை அடுத்த பத்திக்கு விடாதீர்கள். 'ட்ஸ்வார்', 'ஸாய்' இரண்டையும் வட்டமிட்டு மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள்.