மழையில் படுத்த லிங்க்கா, தண்ணீர் இறங்கிய லிங்க்கா?

சாயங்கால இடிமழையில் இரண்டு டவர்களை டிஷ் வழியாக இணைக்கும் மைக்ரோவேவ் லிங்க் படுத்தால், "மழை சார், விட்டா வந்துடும்" என்று புகார் டிக்கெட்டை மூடிவிடுவது வழக்கம். பல நேரம் அது சரிதான். சரியில்லாத நேரங்கள்தான் மறுநாள் டவர் ஏற வைக்கும்.

15 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 2 செ.மீ.; பெரிய மழைத்துளி 5 மி.மீ. வரை வரும். இந்த அளவில் துளி அலையை உறிஞ்சும், பக்கவாட்டில் சிதறவும் அடிக்கும். நாள் முழுக்கத் தூறினாலும் லிங்க் அசையாது: மணிக்கு 5 மி.மீ. மழைக்குக் கிலோமீட்டருக்குக் கால் டிபிதான் (டெசிபல், சிக்னல் குறையும் அளவு) போகும். 100 மி.மீ. வீதத்தில் கொட்டினால் ஹெச் போலில் (அலை கிடைமட்டமாக அதிர்வது) கிலோமீட்டருக்கு 8 டிபி, வி போலில் (செங்குத்தாக அதிர்வது) 6. விழும் துளி இட்லி மாதிரி தட்டையாகிவிடுவதால் கிடைமட்ட அலைக்குத்தான் அடி அதிகம்.

10 கி.மீ. ஹாப் (ஒரு டவரிலிருந்து அடுத்த டவர் வரை) ஒன்று, வெயிலில் ஆர்எஸ்எல் (வந்து சேரும் சிக்னல் அளவு) மைனஸ் 40 என்று வையுங்கள். கனமழை பாதையில் 4 கி.மீ.யை மூடினால் ஹெச் போலில் மைனஸ் 72, வி போலில் மைனஸ் 64. 28 மெகாஹெர்ட்ஸ் சேனலில் 256 க்யூஏஎம் (டேட்டாவை அலையில் ஏற்றும் வேகமான முறை) ஏறக்குறைய மைனஸ் 66 வரை தாங்கும். வி போல் தப்பிக்கும். ஹெச் போல் க்யூபிஎஸ்கே (பலவீன சிக்னலிலும் ஓடும் மெதுவான முறை) வரை இறங்கினால் வேகம் கால்வாசிதான். மேலே இன்னொரு டிஷ் மாட்டும் ஸ்பேஸ் டைவர்சிட்டி இதற்கு உதவாது. இரண்டும் அதே மழைக்குள்தானே நிற்கின்றன!

டிக்கெட்டை மூடுமுன் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பதியும் லாகைத் திறந்து பாருங்கள். இரு முனையிலும் ஆர்எஸ்எல் சேர்ந்து விழுந்து, மழை விட்டதும் சேர்ந்து ஏறினால் மழைதான். ஏடிபிசி (சிக்னல் குறைந்தால் பவரைத் தானாக ஏற்றும் வசதி) ஓடினால் முதலில் டிரான்ஸ்மிட் பவர்தான் ஏறும், அதையும் சேர்த்துப் படியுங்கள். வானம் வெளுத்த பிறகும் 10 டிபி குறைவாகவே நின்று, வெயில் ஏற ஏறத் தேறினால் ஓடியூவும் (டவர் மேல் இருக்கும் ரேடியோ பெட்டி) டிஷ்ஷும் சேரும் இடத்தில் ஓ-ரிங் (தண்ணீர் தடுக்கும் ரப்பர் வளையம்) போயிருக்கும், இல்லையேல் வேவ்கைடில் (அலையைக் கொண்டுபோகும் உலோகக் குழாய்) தண்ணீர். வெயிலிலும் தேறாமல் ஒரே அளவில் நின்றால் காற்றில் டிஷ் திரும்பியிருக்கலாம். ஆர்எஸ்எல் நன்றாக இருந்தும் எரர் வந்தால் ஓடியூவைக் கீழே உள்ள பெட்டியோடு இணைக்கும் ஐஎஃப் கேபிளின் கனெக்டரைச் சந்தேகியுங்கள்.

அந்தக் கனெக்டரில் தண்ணீர் புகாத டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும், ஓடு வேய்ந்தாற்போல மேல் சுற்று கீழ்ச் சுற்றின் மேல் படிய. தலைகீழாகச் சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் தண்ணீரை உள்ளே வாங்கும். கேபிளையும் கனெக்டருக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலேற்றுங்கள். வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.