அறுவைக்குப் பிறகும் அடங்காத மாத்திரைத் தேட்டம்

அம்பாசமுத்திரத்தில் இருக்கும் என் பெரியப்பாவுக்கு நடுக்குவாதம், அதாவது பார்கின்சன் நோய், வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அந்நோய்க்குச் சாப்பிடும் சின்டோபா மாத்திரை வேலை செய்யும் நேரம் குறையக் குறைய வேளைகள் கூடி, கை கால்கள் தம் போக்கில் நெளியத் தொடங்கியதால், சென்னையில் அவருக்கு ஆழ்மூளைத் தூண்டல் அறுவை செய்தார்கள். மூளையின் ஆழத்தில் உள்ள சப்தலாமிக் கரு என்ற சிறு பகுதியில் மின்முனைகளையும் காறை எலும்புக்குக் கீழே பேட்டரியையும் பொருத்தும் இந்தச் சிகிச்சைக்குப் பின், மாத்திரையைப் பலருக்குப் பாதியளவாகக் குறைக்க முடிகிறது. பெரியப்பாவுக்கும் நடுக்கம் அடங்கி, வெற்றிலைக்குத் தாமே சுண்ணாம்பு தடவிக்கொண்டார். மாத்திரையை மட்டும் குறைக்கவில்லை.

பெரியம்மா வெற்றிலைச் செல்லத்தைத் துடைக்க எடுத்தபோது, பாக்குக்கு அடியில் சின்டோபா பாதிப் பாதியாக ஒடித்து வைக்கப்பட்டிருந்தது. பெரியப்பா பழைய மருந்துச் சீட்டைக் காட்டி இரண்டு மருந்துக் கடைகளில் வாங்கியிருக்கிறார். நான் கேட்டதற்கு, "இது இல்லாட்டி நெஞ்சுக்குள்ள பதறுது, ஒனக்கு என்னடே தெரியும்?" என்றார். இரவெல்லாம் உறங்காமல் பழைய ரேடியோவைக் கழற்றித் திருகாணிகளை வரிசையாக அடுக்குவார், கலைப்பார், மறுபடியும் அடுக்குவார். உறவினர்கள் இதைக் கிழட்டுப் பிடிவாதம் என்றார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

மாத்திரையிலுள்ள லெவோடோபா மூளைக்குள் டோபமைன் என்ற வேதிப்பொருளாக மாறுகிறது. அசைவை நடத்தும் அதே டோபமைனுக்கு இன்பத்தையும் வேட்கையையும் தூண்டுவதிலும் பங்கு உண்டு. மருந்தின் வேகம் இறங்கும்போது உடல் விறைப்பதோடு பதற்றமும் மனச்சோர்வும் சேர்ந்து வரும். மின்தூண்டல் விறைப்பைப் பார்த்துக்கொண்டாலும் மனத்தின் தவிப்பை எல்லாருக்கும் தீர்ப்பதில்லை என்பதால், சிலர் உடலுக்குத் தேவையில்லாத மாத்திரையை மனத்துக்காக விழுங்குகிறார்கள். மருத்துவர்கள் இதனை டோபமைன் ஒழுங்கின்மை நோய்க்குறி என்கிறார்கள். அறுவைக்குப் பின் மருந்து குறைந்து இந்தத் தேட்டம் நீங்கியவர்களும் உண்டு, நீங்காதவர்களும் உண்டு, அரிதாகப் புதிதாகத் தொடங்கியவர்களும் உண்டு. ஆகவே அறுவைக்கு முன்பே மாத்திரைப் பழக்கத்தையும், சூதாட்டம் போன்ற கட்டுப்பாடற்ற நாட்டங்களையும் வீட்டார் மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும் என்பேன்.

அதற்காக மாத்திரையை ஒரேயடியாகப் பிடுங்கிவிடவும் கூடாது. திடீரென நிறுத்தினால் கடும் விறைப்பும் காய்ச்சலும் நினைவுத் தடுமாற்றமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வேகமாகக் குறைத்தாலும் தற்கொலை எண்ணம்வரை சோர்வு போகக்கூடும். பெரியப்பாவுக்கு நரம்பியல் மருத்துவர் தூண்டலின் அளவைத் திருத்தியபடியே மருந்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துவருகிறார். மனநல மருத்துவரும் பார்க்கிறார். இரண்டு கடைக்காரர்களிடமும் பேசி, பெரியம்மா கொண்டுவரும் சீட்டுக்கு மட்டுமே மருந்து கொடுக்கச் சொல்லியிருக்கிறோம். அதற்காகப் பெரியப்பா என்னிடம் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.