தண்ணி வந்தால் எழுகிற உடம்பு அலாரத்துக்கு ஏன் எழவில்லை: குரூப் 4 காலைகள்

அரசு வேலைக்கான டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில், முதல் தேர்வை நான் எழுதவே இல்லை. விண்ணப்பித்தேன், ஹால் டிக்கெட் எடுத்தேன், ஆறு மாதம் படித்தேன். ஆனால் 2024 ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கு விழிப்பு வந்தபோது மணி எட்டு பத்து. முந்தைய இரவு இரண்டரை மணி வரை பொதுத் தமிழைத் திருப்பிப் பார்த்துவிட்டு, போனில் ஐந்து, ஐந்தேகால், ஐந்தரை என்று மூன்று அலாரம் வைத்து, போனைத் தலைமாட்டிலேயே போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். அம்மாவும் அப்பாவும் கோயில் கும்பாபிஷேகத்துக்காக உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊருக்குப் போயிருந்தார்கள். மூன்று அலாரமும் அடித்திருக்கிறது, மூன்றையும் நான்தான் நிறுத்தியிருக்கிறேன், ஒன்றுகூட நினைவில் இல்லை. முகம் கழுவியும் கழுவாமலும் ஆட்டோ பிடித்து ஓடினேன், மையத்தில் இறங்கும்போது 9.06. தேர்வு 9.30க்குத்தான், ஆனால் 9 மணிக்கு மேல் யாரையும் உள்ளே விடமாட்டார்கள் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். கேட்டுக்கு வெளியே என்னைப்போல இன்னும் நாலைந்து பேர் நின்றார்கள். கைக்குழந்தையோடு வந்திருந்த ஒரு அக்கா அழுதுகொண்டே யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தார்.

அடுத்த தேர்வு 2025 ஜூலை 12. அதை எழுதினேன், 200 கேள்வியில் 164 சரி. என்ன படிப்பது, எந்தப் புத்தகம் என்பதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். இடி விழுந்தாலும் எழாதவர்கள் எப்படி எழுந்து படிப்பது என்பதைத்தான் நான் எழுதப்போகிறேன், ஏனென்றால் அந்த ஒரு வருடத்தில் எனக்குப் பாடத்தைவிட இதுதான் கஷ்டமாக இருந்தது.

எனக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. காலை எட்டரைக்குப் போனால் ஒன்றரை ஷிப்ட் முடித்து வீட்டுக்கு வர இரவு எட்டே முக்கால் ஆகும். அதற்கு மேல் புத்தகத்தைத் திறந்தால் எழுத்து மிதக்கும். ஆகவே படிப்பதற்கு இருப்பது விடியற்காலை ஒன்றுதான். குடியிருப்பது லைன் வீடு. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் ஆறு மாதக் குழந்தை, இந்தப் பக்கம் நைட் ஷிப்ட் முடித்து வந்து தூங்குகிற அண்ணன். எங்கள் வீட்டிலும் நாலு பேர் ஒரே அறையில் பாய் போட்டுப் படுப்போம். நான் அலாரம் வைத்தால் நாலு வீடு எழும், நான் மட்டும் எழமாட்டேன்.

கடுமையாகத் தூங்குகிறவர்களுக்கென்றே செய்த கடிகாரங்களைத் தேடிப் பார்த்தேன். சோனிக் பாம் என்று ஒன்று இருக்கிறது, 113 டெசிபல் சத்தம் போடும், கூடவே மெத்தைக்கு அடியில் வைக்க ஒரு வட்டமான அதிர்வுத் தட்டும் தருகிறார்கள். காது கேளாதவர்களுக்கு உதவுவது இந்த மாதிரி அதிர்வுக் கருவிதான். இன்னொன்று கிளாக்கி. அமெரிக்காவின் எம்ஐடி மீடியா லேபில் படித்த கௌரி நந்தா செய்தது. சக்கரம் வைத்த கடிகாரம், ஸ்னூஸ் (அலாரத்தைச் சில நிமிடம் தள்ளிப் போடுவது) முடிந்ததும் மேசையிலிருந்து குதித்து உருண்டு ஓடிப்போய் எங்காவது ஒளிந்துகொண்டு கத்தும், தேடிப் பிடித்துத்தான் நிறுத்த வேண்டும். 2005இல் இதற்கு இக் நோபல் என்ற வேடிக்கைப் பரிசு, அதுவும் பொருளாதாரப் பிரிவில் கொடுத்தார்கள். எனக்கு அந்த யோசனை மிகவும் பிடித்தது. சத்தத்தைக் கூட்டாமல், நம்மைப் படுக்கையை விட்டு நகரவைப்பதில் அவர் கவனம் வைத்திருக்கிறார். ஆனால் நாலு பேர் தரையில் படுத்திருக்கிற அறைக்குள் சக்கரம் வைத்து எதை ஓட விடுவது? அதனால் வாங்கவில்லை. யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

முதலில் செய்தது எல்லாரும் செய்வதுதான். அப்பாவின் பழைய சாவி கொடுக்கிற பெல் கடிகாரத்தை எவர்சில்வர் தாம்பாளத்தின் மேல் வைத்து அறையின் அந்த மூலையில் வைத்தேன். மூன்று நாள் நன்றாக எழுந்தேன். நாலாவது நாள் பக்கத்து வீட்டு அக்கா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். ஒன்றும் திட்டவில்லை, "கொஞ்சம் மெதுவா வையேன் கண்ணு" என்று மட்டும் சொன்னார். அன்றோடு தாம்பாளத்தை எடுத்துவிட்டேன்.

அப்புறம் போன் செயலிகள். அலார்மி என்று ஒன்று, கொரியாக்காரர்கள் செய்தது. கணக்குப் போட்டால், போனை இத்தனை முறை குலுக்கினால், குறிப்பிட்ட இடத்தைப் படம் எடுத்தால், அல்லது ஒரு பார்கோடை ஸ்கேன் செய்தால்தான் அலாரம் நிற்கும். நான் கணக்கு வைத்தேன், ஆப்டிட்யூடுக்கும் பயிற்சியாகும் என்று நினைத்து. யாரும் அந்தத் தப்பைச் செய்யாதீர்கள். ஒரு வாரத்தில் படுத்தபடியே, அரைக்கண்ணில், மூன்று கணக்கையும் போட்டு முடித்துவிட்டுத் தூங்கிப்போனேன். எழுந்த பிறகு கணக்குப் போட்டதே தெரியவில்லை. படுத்துக்கொண்டே செய்ய முடிகிற எந்த வேலையும் நம்மை எழுப்பாது, அது எவ்வளவு கஷ்டமான கணக்காக இருந்தாலும் சரி.

இதற்கு நடுவில்தான் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். எங்கள் லைனில் குடிதண்ணீர் சில நாட்களுக்கு ஒருமுறைதான் வரும், அதுவும் விடியற்காலையில். பொதுக்குழாயில் முதலில் காற்று வந்து "புஸ்" என்று ஒரு சத்தம் கேட்கும், அவ்வளவுதான், பெரிய சத்தமே கிடையாது. அந்தச் சத்தத்துக்கு நான் எழுந்து உட்கார்ந்திருப்பேன். அம்மா "தண்ணி வந்துருச்சு" என்று சொல்லி முடிப்பதற்குள் கையில் குடம் இருக்கும். காதுக்குப் பக்கத்தில் போன் அலறினால் எழாத நான், இருபது அடி தள்ளி இருக்கும் குழாய்க்கு எழுகிறேன் என்றால், என் காதிலும் தூக்கத்திலும் குறை இல்லை. எது அவசரம், எதை விட்டால் நஷ்டம் என்பதைத் தூக்கத்திலும் மூளை தரம் பிரித்துக்கொண்டிருக்கிறது. தினமும் கேட்டு, தினமும் நிறுத்துகிற ஒலியை அது தேவையில்லாதது என்று ஒதுக்கிவிடுகிறது.

இதைப் பற்றித் தேடியபோது தீ எச்சரிக்கை மணி பற்றிய ஆராய்ச்சிகள் கிடைத்தன. தூங்குகிறவரை எழுப்ப, கீச்சென்று உச்சத்தில் ஒலிக்கும் 3000 ஹெர்ட்ஸ் சத்தத்தைவிட 520 ஹெர்ட்ஸ் அளவில் தாழ்ந்த, கனத்த சத்தம் நன்றாக வேலை செய்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்துக் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் 2018இல் வெளியிட்ட ஆய்வில், 5 முதல் 12 வயதுக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேரைத்தான் கீச்சு மணி எழுப்பியது, அம்மாவின் குரல் பெரும்பாலானவர்களை எழுப்பிவிட்டது. மெல்போர்னில் ஆர்எம்ஐடி பல்கலைக்கழகத்தார் 2020இல் 50 பேரிடம் கேட்டதில், ராகமாக இருக்கும் அலாரத்துக்கு எழுந்தவர்கள் காலை மந்தம் குறைவு என்று சொல்லியிருக்கிறார்கள்.

சரி என்று அம்மாவை "தண்ணி வந்துருச்சு, எந்திரி" என்று சொல்லச் சொல்லிப் பதிவு செய்து, அதையே அலாரமாக வைத்தேன். கிட்டத்தட்ட இரண்டு வாரம் பிரமாதமாக வேலை செய்தது. அப்புறம் இது போன் என்று மூளைக்குப் புரிந்துவிட்டது. அதன்பின் வாராவாரம் ஒலியை மாற்ற ஆரம்பித்தேன்: ஒரு வாரம் அம்மா குரல், ஒரு வாரம் நாதஸ்வரமும் தவிலும், ஒரு வாரம் தம்பி என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது. ஞாயிறு இரவு மாற்றிவிடுவேன்.

கடைசியில் நிலைத்த ஏற்பாடு இதுதான். கையில் ஒரு ஸ்மார்ட் பேண்ட், 1500 ரூபாய்க்கு வாங்கியது, 4.40க்கு மணிக்கட்டில் அதிரும், பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கேட்காது. அதை மட்டும் நம்பக்கூடாது, தட்டினால் நின்றுவிடும். 4.45க்கு போனில் அலார்மி, பார்கோடு முறையில். அந்தப் பார்கோடு பற்பசை அட்டைப் பெட்டியிலிருந்து கத்தரித்தது, வீட்டுக்குள் இல்லை, வெளியே துவைக்கிற கல்லுக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறது. போன் அடிக்க ஆரம்பித்ததும் எடுத்துக்கொண்டு, பாயைத் தாண்டி, தாழ்ப்பாளைத் திறந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, வெளி லைட்டைப் போட்டு, பதினைந்து அடி நடந்து போய்க் காட்டினால்தான் நிற்கும். பேண்ட் முதலில் உசுப்பிவிடுவதால் போன் சத்தத்தைப் பாதியாகக் குறைத்து வைக்க முடிந்தது. துவைக்கிற கல் பக்கத்திலேயே தண்ணீர்த் தொட்டி. அங்கேயே முகம் கழுவிவிடுவேன். திரும்பி வந்து படுக்க முடியாதபடி பாயைச் சுருட்டிக் கையோடு எடுத்து வைத்துவிடுவேன்.

ஒரு எச்சரிக்கை. சில போன்கள் பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று இரவில் இந்த மாதிரிச் செயலிகளை மூடிவிடும். எனக்கு ஒருநாள் அலாரமே அடிக்கவில்லை. செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குப் போய் அந்தச் செயலிக்கு மட்டும் கட்டுப்பாடு இல்லை என்று மாற்றுங்கள். முக்கியமான நாளில் சாவிக் கடிகாரத்தையும் சேர்த்து வையுங்கள்.

இத்தனையும் பாதிதான். மீதிப் பாதி, எத்தனை மணிக்குப் படுக்கிறோம் என்பது. நம் தூக்கம் சுமார் 90 நிமிடச் சுற்றுகளாகப் போகிறது, ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் முதல் சுற்றுகளில்தான். 2024 ஜூனில் இரண்டரைக்குப் படுத்து ஐந்துக்கு அலாரம் வைத்தேனே, அது சரியாக அந்த ஆழத்தில் போய் அடித்திருக்கிறது. பல நாள் தூக்கக் கடன் வேறு. அந்த நிலையில் எந்தக் கடிகாரம் வந்தாலும் கஷ்டம்தான். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும் என்கிறார்கள் தூக்க மருத்துவர்கள். நான் ஒன்பதே முக்காலுக்கு விளக்கை அணைக்க ஆரம்பித்தேன். இதற்காக வீட்டில் சாப்பாட்டு நேரத்தை மாற்ற வேண்டியிருந்தது, டிவி சீரியலைப் பற்றி அம்மாவிடம் பேச வேண்டியிருந்தது, கம்பெனியில் மாலை டீயை ஐந்து மணியோடு நிறுத்த வேண்டியிருந்தது. ஸ்னூஸையும் முழுசாக விட்டேன். அலாரத்தை ஒன்பது நிமிடம் தள்ளிப் போடுவதில் ஓய்வு எதுவும் சேராது, மறுபடி எழும் கஷ்டம்தான் மிச்சம்.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும், குறிப்பாகப் பெண்களுக்கு. ஏழு மணி நேரம் தூங்கியும் எனக்கு உடம்பு அடித்துப் போட்ட மாதிரியே இருந்தது. சோம்பேறி என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். அம்மாதான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனார். ஹீமோகுளோபின் 8.9. பெண்களுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும். மூன்று மாதம் இரும்புச்சத்து மாத்திரை, டீயோடு சேர்த்து சாப்பிடக்கூடாது என்று சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டாவது மாதத்திலிருந்து காலை எழுவதே வேறு மாதிரி ஆகிவிட்டது. போதுமான அளவு தூங்கியும் எழ முடியவில்லை என்றால் இரத்தமும் தைராய்டும் பாருங்கள். பலமாகக் குறட்டை விட்டு, காலையில் தலைவலியோடு எழுகிறவர்கள் தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இதை ஒத்திப் போடாதீர்கள். நான் ஒரு வருடம் ஒத்திப் போட்டேன்.

எழுந்த பிறகு முதல் கால் மணி, அரை மணி நேரம் மூளை முழுசாக விழிக்காது. அது எல்லாருக்கும் உண்டு. அந்த நேரத்தில் புது வரலாற்றுப் பாடத்தைத் திறந்துவிட்டு, ஒன்றும் ஏறவில்லை என்று மறுபடி படுத்த நாட்கள் எனக்கு நிறைய. அதனால் அந்த இருபது நிமிடத்துக்கு உட்காரவே மாட்டேன். வெளி லைட்டுக்குக் கீழே நின்றபடி, முந்தைய இரவே எழுதி வைத்த ஒரு தாளை வாய்க்குள் சொல்லிக்கொண்டிருப்பேன். பிரித்தெழுதுக, எதிர்ச்சொல், ஊர்ப் பெயர்களின் மரூஉ, இந்த மாதிரி ஏற்கெனவே தெரிந்தவை மட்டும். புதுக்கோட்டை புதுகை, திருநெல்வேலி நெல்லை என்று நடந்துகொண்டே சொன்னால் வாய் விழிக்கும், அப்புறம் தலை. ஐந்தே காலுக்குத்தான் உள்ளே வந்து உட்கார்ந்து சமச்சீர் புத்தகத்தைத் திறப்பேன். ஏழேகால் வரை இரண்டு மணி நேரம் முழுசாகக் கிடைக்கும். பொதுத் தமிழில் 100 கேள்விக்கு 80ஐத் தாண்ட ஆரம்பித்தது இப்படித்தான்.

ஞாயிறும் அதே 4.45தான். கடைசி இரண்டு மாதம் ஞாயிறுகளில் 9.30 முதல் 12.30 வரை மாதிரித் தேர்வு, நடுவில் எழாமல். லீவு நாளில் பத்து மணி வரை தூங்கினால் திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அலாரத்தோடு சண்டைதான்.

2025 ஜூலை 12 அன்று பேண்ட் அதிர்வதற்கு முன்பே விழிப்பு வந்தது, 4.32. இருந்தாலும் போன் அடிக்கும் வரை காத்திருந்து, வெளியே போய்ப் பார்கோடைக் காட்டிவிட்டுத்தான் வந்தேன். எட்டு மணிக்கு மையத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அம்மா கட்டிக் கொடுத்த இட்லியைச் சாப்பிட்டேன்.

இப்போது குரூப் 2வுக்கும் இதே ஏற்பாடுதான். துவைக்கிற இடத்தில் ஒட்டுவதென்றால் பார்கோடு மேல் அகலமான செல்லோடேப்பை முழுசாக ஒட்டிவிடுங்கள், சோப்புத் தண்ணீர் பட்டு மை கரைந்தால் போன் படிக்காது. அதே பற்பசையின் இன்னொரு பெட்டியைப் பத்திரமாக வைத்திருங்கள், மாற்றி ஒட்டுவதற்கு.