நெறியாளர் வேட்பாளராகும்போது

2016 கேரளச் சட்டமன்றத் தேர்தலில் செய்தித் தொலைக்காட்சியில் வளர்ந்த இருவரை சிபிஎம் களமிறக்கியது. கண்ணூர் மாவட்டம் அழீக்கோட்டில் எம்.வி.நிகேஷ்குமார், பத்தனம்திட்டா மாவட்டம் ஆரன்முளாவில் வீணா ஜார்ஜ். 2003-ல் தொடங்கிய இந்தியாவிஷன் சேனலில் இருவருமே வேலை பார்த்தவர்கள். நிகேஷ் 2011-ல் ரிப்போர்ட்டர் டிவியைத் தொடங்கி நடத்தினார். இருவரும் எதிர்கொண்டது அப்போதைய எம்எல்ஏக்களை. முஸ்லிம் லீக்கின் கே.எம்.ஷாஜியிடம் நிகேஷ் 2,287 வாக்குகளில் தோற்றார். காங்கிரஸின் சிவதாசன் நாயரை வீணா 7,646 வாக்குகளில் வென்றார். ஒருவர் கெட்டிக்காரர், மற்றவர் இல்லை என்று இதிலிருந்து முடிவுகட்டுவது தவறு. இரண்டு தொகுதிகளின் சமூகக் கணக்கே வேறு. ஆனால் ஸ்டுடியோவில் பழகிய கையும் வாயும் தேர்தல் களத்தில் எங்கே உதவும், எங்கே காலை வாரும் என்பதைப் பார்க்க இந்த இருவரையும் விடப் பொருத்தமான உதாரணம் நம் பக்கத்தில் இல்லை.

முதலில் குரல். ஸ்டுடியோவில் சட்டையில் குத்திய மைக், பேச்சுவாக்கில் சொல்வதையும் துல்லியமாக எடுக்கும். ஜீப்பில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கி அப்படியல்ல. எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி அடுத்த சொல்லை விழுங்கிவிடும். வாக்கியத்தை ஏழெட்டுச் சொற்களில் முடித்து, ஒரு மூச்சு விட்டு, பிறகே அடுத்ததைத் தொடங்க வேண்டும். நேரலையில் இடைவெளி விடாமல் பேசிப் பழகியவருக்கு இதுதான் பெரிய சோதனை. அந்தப் பழக்கத்தோடு முழு வேகத்தில் பேசினால் சில நாட்களிலேயே தொண்டை கட்டிவிடும். பிரச்சாரத்தின் கடைசி வாரத்துக்குக் குரல் மிஞ்சாது.

அடுத்தது நேரம். ஸ்டுடியோவில் நெறியாளர்தான் நேரத்தின் எஜமானர். யாரை எப்போது நிறுத்துவது என்று காதுக்குள் தயாரிப்பாளர் சொல்லிக்கொண்டே இருப்பார். வரவேற்புக் கூட்டங்களில் உள்ளூர்க் கமிட்டிச் செயலாளர்தான் எஜமானர். ஒரு நாளில் பல முனைகள். ஒவ்வொன்றிலும் மாலை, முழக்கம், வேட்பாளருக்கு இரண்டு மூன்று நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் அந்த ஊர்ப் பாலமோ பள்ளிக்கூடமோ பெயரோடு வர வேண்டும். முந்தைய முனையில் பேசியதையே இங்கும் பேசினால், கூடவே வரும் தொண்டர்களே முகம் சுளிப்பார்கள்.

நிகேஷின் கிணறு பலருக்கு நினைவிருக்கும். ‘குட்மார்னிங் அழீக்கோடு’ என்ற பெயரில் பிரச்சார வீடியோக்கள் வெளியிட்டார். குடிநீர்ப் பிரச்சினையைக் காட்டுவதற்காக ஒரு நாள் கிணற்றுக்குள்ளேயே இறங்கிவிட்டார். நிருபராக இருந்திருந்தால் அது நல்ல செய்தி. பிரச்சினை இருக்கும் இடத்தில் நின்று, தொட்டுக் காட்டிப் பேசு என்பது செய்தியாளர்களான நமக்குச் சொல்லித் தரும் முதல் பாடம். வேட்பாளர் அதையே செய்தபோது மாநிலம் முழுக்கக் கேலிப்படங்கள் சுற்றின. தண்ணீரின் நிலை பின்னுக்குப் போய், இறங்கிய மனிதர் முன்னுக்கு வந்துவிட்டார். காரணம் எளிது: நிருபரைப் பார்ப்பவர் அவர் காட்டும் பொருளைப் பார்க்கிறார்; வேட்பாளரைப் பார்ப்பவர் வேட்பாளரைத்தான் பார்க்கிறார். அதே வீடியோவில் அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கும் குடும்பத்தைப் பேசவிட்டு, அவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தால் போதும் என்பது என் கருத்து. அக்கறையோடு செய்த ஒரு வேலை இப்படி ஆனதில் எனக்கு வருத்தம் உண்டு. அங்கே தண்ணீர்ப் பிரச்சினை பொய்யில்லை.

பழைய பதிவுகள் இன்னொரு தலைவலி. நெறியாளர் சேனலைவிட்டு வந்தாலும் அவர் நடத்திய விவாதங்கள் சேனலின் சொத்தாகவே இருக்கும். எந்தக் கட்சியில் சேருகிறாரோ அந்தக் கட்சியின் தலைவரைத் திணறடித்த காட்சி எங்காவது இருக்கும். எதிரணி அதிலிருந்து பதினைந்து நொடியை வெட்டி எடுக்கும். சேருவதற்கு முன்பே அப்படிப்பட்ட பேட்டிகளைப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் இப்போது என்ன பதில் என்று எழுதி வைத்துக்கொள்வது நல்லது. நிகேஷுக்கு இது பதிவுகளோடு நிற்கவில்லை. அவர் தந்தை எம்.வி.ராகவன் சிபிஎம்மிலிருந்து வெளியேற்றப்பட்டு சிஎம்பி என்ற தனிக் கட்சியை நிறுவியவர். லீக் இருந்த அணியின் ஆதரவோடு 1987-ல் இதே அழீக்கோட்டில் வென்றவர். அவர் அமைச்சராக இருந்தபோது, 1994 நவம்பர் 25 அன்று, கண்ணூர் மாவட்டம் கூத்துப்பறம்பில் அவருக்கு எதிராகப் போராடிய, சிபிஎம்மின் இளைஞர் அமைப்பான வாலிபர் சங்கத்தைச் சேர்ந்த ஐந்து பேர் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இறந்தார்கள். அந்த மாவட்டத்தில், அந்தக் கட்சியின் வேட்பாளராக மகன் நின்றார். திரையில் சேர்த்த பெயர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், இப்படி ஒரு கேள்விக்கு வீடு வீடாகப் போய்த்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

தேர்தல் சட்டத்தில் தொலைக்காட்சிக்காரர்கள் வழுக்கி விழும் இடங்கள் சில உண்டு. வேட்புமனு தாக்கலுக்கு ஒரு நாள் முன்பாவது தேர்தல் செலவுக்கென்று தனி வங்கிக் கணக்கு திறக்க வேண்டும். செலவு வரம்பு பெரிய மாநிலங்களில் 2016-ல் 28 லட்சம். 2022-ல் அது 40 லட்சமானது. பழைய சேனல் நண்பர்கள் அன்பாகப் போடும் அரைமணி நேரச் சிறப்பு நிகழ்ச்சி, பணம் கொடுத்துப் போட்ட செய்தி என்ற சந்தேகத்துக்கு ஆளாகலாம். மாவட்ட ஊடகக் கண்காணிப்புக் குழு சொன்னால், ஒளிபரப்பான 96 மணி நேரத்துக்குள் தேர்தல் அதிகாரி நோட்டீஸ் அனுப்புவார்; 48 மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும். தப்பென்று உறுதியானால் அதன் மதிப்பு செலவுக் கணக்கில் ஏறும். டிவி விளம்பரத்துக்கு முன்சான்று வாங்க, ஒளிபரப்புக்கு மூன்று நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் டிவியில் பிரச்சாரம் கூடாது. ‘ஒரே ஒரு பைட்’ (கேமரா முன் ஒரு சிறு கருத்து) என்று நண்பர் கேட்டாலும் மறுத்துவிட வேண்டும்.

தோற்ற பிறகும் நிகேஷுக்குக் கைகொடுத்தது செய்தியாளரின் ஆவணப் பழக்கம்தான் என்று நினைக்கிறேன். தேர்தல் வழக்கு போட 45 நாள்தான் அவகாசம். மதத்தின் பெயரால் ஓட்டுக் கேட்ட துண்டுப் பிரசுரங்களை வைத்து வழக்குப் போட்டார். 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் ஷாஜியின் வெற்றியைச் செல்லாது என்றது. ஆனால் நிகேஷை வென்றவராக அறிவிக்கவில்லை. உச்ச நீதிமன்றம் பின்னர் அந்தத் தீர்ப்புக்குத் தடை விதித்தது.

வீணாவின் பாதையும் நேர்க்கோடு இல்லை. 2019-ல் பத்தனம்திட்டா மக்களவைத் தொகுதியில் தோற்றார். 2021-ல் ஆரன்முளாவில் 19,003 வாக்கு வித்தியாசத்தில் வென்று சுகாதார அமைச்சரானார். செய்தித் தொழில் உண்மையாக உதவும் இடம் இது. 2023 செப்டம்பரில் கோழிக்கோட்டில் நிபா வைரஸ் வந்தபோது ஆறு பேருக்குத் தொற்று உறுதியானது; இருவர் இறந்தனர். அப்படிப்பட்ட நாட்களில் அமைச்சர் தினமும் சொல்ல வேண்டியவை: உறுதியானவை எத்தனை, முடிவு வராத மாதிரிகள் எத்தனை, தொடர்புப் பட்டியலில் எத்தனை பேர், நோயாளி எந்த நேரத்தில் எங்கே போனார். நோயாளியின் பெயர் வெளியே வரக்கூடாது. உறுதியானதையும் உறுதியாகாததையும் கலக்காமல் சொல்வது செய்தி அறையில் தினமும் பழகும் வேலை. வதந்தி நிருபர் வழியாக வருமுன் எண்ணை அமைச்சரே சொல்லிவிட்டால் பாதிப் பதற்றம் அடங்கும்.

தமிழ்நாட்டில் வேறொரு வழியும் உண்டு. சன் டிவியின் ‘நேருக்கு நேர்’ பேட்டிகளால் அறியப்பட்ட ரபி பெர்னார்ட் 2011-ல் அதிமுக சார்பில் மாநிலங்களவைக்குப் போனார். அதற்கு எம்எல்ஏக்களின் ஓட்டு போதும். ஜீப்பும் கூம்பு ஒலிபெருக்கியும் தேவையில்லை.

திரும்பி வருவதுதான் இந்தத் தொழிலில் யாரும் விதி எழுதாத பகுதி. நிகேஷ் 2016-க்குப் பிறகு ரிப்போர்ட்டர் டிவிக்கே வந்து ஆசிரியராக இருந்தார். 2024-ல் மறுபடியும் விலகி முழுநேர அரசியலுக்குப் போனார். நீதிபதிகளுக்கும் அதிகாரிகளுக்கும் இடைவெளிக் காலம் வேண்டும் என்று பேசும் நாம், நமக்கென்று ஒன்றை வைத்துக்கொள்ளவில்லை. குறைந்தது ஒரு தேர்தல் முடியும்வரை, திரும்பி வந்தவர் அரசியல் விவாதம் நடத்தாமல் இருக்கலாம். அது முடியாதென்றால், விவாதம் தொடங்கும்போதே ‘இவர் இன்ன கட்சியின் முன்னாள் வேட்பாளர்’ என்று திரையின் கீழ்ப்பட்டையில் போட வேண்டும். முதல் வாரம் மட்டுமல்ல, அவர் அந்த நாற்காலியில் உட்காரும் ஒவ்வொரு இரவும்.