50-ஆ, 100-ஆ?

"வலி பத்துக்கு எவ்வளவும்மா?"

"எட்டு" என்றார் அம்மா. இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்த இரவு.

கேஸ் ஷீட்டில் டாக்டர் எழுதியிருந்தது: டிரமடால் என்ற வலி ஊசி 50 முதல் 100 மி.கி., எஸ்ஓஎஸ். தேவைப்பட்டால் மட்டும் என்று அர்த்தம். எவ்வளவு என்பது சிஸ்டர் கையில்.

"நூறே போட்டுடுங்க சிஸ்டர்" என்றான் தம்பி. அம்மா முனகுவதை அவனால் தாங்க முடியவில்லை.

சிஸ்டர் உடனே ஊசியை எடுக்கவில்லை. அம்மாவின் நெஞ்சைப் பார்த்தபடி ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணினார். பேச்சுக் கொடுத்து, கண் சொருகுகிறதா என்று கவனித்தார். அப்புறம் கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரிப்போர்ட்டைத் தேடி எடுத்தார்.

"வயசு 78, கிட்னியும் கொஞ்சம் மெதுவா வேலை செய்யுது. மருந்து உடம்புல தங்கிடும். முதல்ல 50 போடறேன் தம்பி, கேட்கலைன்னா டாக்டர்கிட்ட பேசறேன்."

அரை மணி நேரத்தில் கூப்பிடாமலே வந்து மறுபடி கேட்டார். நாலு.

எத்தனை படிப்பும் அனுபவமும் சேர்ந்த முடிவு இது! 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டையில் டிஎம்எஸ் என்கிற மருத்துவப் பணிகள் இயக்குநரக வளாகத்தில் பணி நிரந்தரம் கேட்டுப் போராட்டத்தில் உட்கார்ந்த ஒப்பந்த நர்சுகளும் இதே வேலையைச் செய்கிறவர்கள்தான்.

அந்த வார்டு முழுக்க ராத்திரிக்கு ஒரே சிஸ்டர். இன்னொருவரையும் போடச் சொல்லி நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுக்கப் போகிறேன்.